நிர்மல் ஜித் சிங் சேகோன்: விமானப்படையின் ஒரே பரம் வீர் சக்ரா



நம் கோவை மறைமாவட்டத்தில் சூலூரையும் காங்கேயம்பாளையத்தையும் அறியாதவர்கள் இருக்க முடியாது. திருச்சி சாலையில் பயணம் செய்யும்போது நம் தலைக்கு மேல் போர் விமானம் ஒன்று இரைந்து செல்வதும், நாம் பேச்சை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பதும் வாடிக்கையாகிவிட்டது. விசைத்தறிச் சத்தத்துக்குப் பழகிய நம் காதுகள் இந்தச் சத்தத்துக்கும் பழகிவிட்டன. ஆனால் அந்த விமானங்களில் அமர்ந்து செல்பவர்கள் யார், அவர்களுக்கு முன் சென்றவர்கள் யார் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

2020 ஆம் ஆண்டு மே 27 அன்று, கொரோனா ஊரடங்கு நாள்களில், சூலூர் விமானப்படைத் தளத்தில் எளிய முறையில் ஒரு நிகழ்ச்சி நடைபெற்றது. அப்போதைய விமானப்படைத் தளபதி பதௌரியா அவர்கள் நேரில் வந்து, இந்திய விமானப்படையின் 18 ஆம் படைப்பிரிவை மீண்டும் பணியில் அமர்த்தினார். 1965 ஏப்ரல் 15 அன்று உருவாகி, 2016 ஏப்ரலில் பழைய விமானங்கள் ஓய்வு பெற்றதால் செயல்பாடு நிறுத்தி வைக்கப்பட்டிருந்த படைப்பிரிவு அது. பெங்களூருவில் நம் நாட்டிலேயே தயாரிக்கப்பட்ட தேஜஸ் விமானங்களோடு அது நம் கொங்கு மண்ணில் மறுபிறவி எடுத்தது.

இந்தப் படைப்பிரிவுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. இந்தியாவின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம் வீர் சக்ராவை விமானப்படையில் இன்றுவரை ஒரே ஒருவர்தான் பெற்றிருக்கிறார். அவர் இந்த 18 ஆம் படைப்பிரிவைச் சேர்ந்தவர். அவர்தான் ஃப்ளையிங் ஆஃபீசர் நிர்மல் ஜித் சிங் சேகோன். அவருடைய வாழ்வையும், அவர் நெஞ்சில் அணியாமலே போன அந்தப் பதக்கத்தின் பொருளையும் இந்த வாரம் நாம் சிந்திப்போம்.

கிராமத்துப் பிள்ளை

பஞ்சாப் மாநிலம் லூதியானா மாவட்டத்தில் இசேவால் என்றொரு கிராமம். கோதுமை விளையும் பூமி. நம் ஊர்ப்பக்கம் தென்னந்தோப்பும் சோளக்காடும் இருப்பதுபோல அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கோதுமை வயல்கள். அந்தக் கிராமத்தில் ஒரு சீக்கியக் குடும்பத்தில் சேகோன் பிறந்தார். அவருடைய தந்தை தர்லோக் சிங் விமானப்படையில் பணியாற்றியவர். அருகிலேயே ஹல்வாரா விமானப்படைத் தளம் இருந்தது. சூலூரைச் சுற்றியுள்ள நம் பிள்ளைகளைப் போலவே, அந்தச் சிறுவனும் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தான்.

பள்ளிப்படிப்பு முடிந்தபின் ஆக்ராவில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். ஆனால் மனம் அங்கே நிற்கவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு விமானப்படைக்கு வந்தார். இன்று நம் பிள்ளைகளில் ஒருவர் பொறியியல் படிப்பை விடுகிறேன் என்று சொன்னால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்தத் தந்தைக்கு மகனின் மனம் புரிந்திருக்க வேண்டும். அவரும் அதே சீருடையை அணிந்தவர்தானே.

1967 ஜூன் 4 அன்று சேகோன் விமானப்படையில் அதிகாரியாக நியமனம் பெற்றார். அடுத்த ஆண்டு 18 ஆம் படைப்பிரிவில் சேர்ந்தார். நல்ல உயரம், அடர்ந்த தாடி, எல்லோரிடமும் இயல்பாகப் பழகும் குணம். பார்ப்பவர்களையெல்லாம் பிரதர் என்று அழைப்பார். அதனால் நண்பர்களும் அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். சகோதரர் என்ற பொருள்படும் அந்தச் சொல்லால்தான் படைப்பிரிவு முழுவதும் அவரை அறிந்திருந்தது.

அப்போது அந்தப் படைப்பிரிவு ஓட்டியது நாட் என்ற சிறிய போர் விமானம். பிரிட்டனில் வடிவமைக்கப்பட்டு, பெங்களூருவில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 7 மீட்டருக்கும் குறைவு. எதிர்த்தரப்பிலிருந்த அமெரிக்கத் தயாரிப்பான சேபர் விமானத்துக்கோ அது 11 மீட்டருக்கு மேல். அவ்வளவு சிறிய விமானத்தின் இருக்கையில் இவ்வளவு உயரமான மனிதர் தம்மை எப்படித்தான் அடக்கிக்கொண்டாரோ! ஆனால் அந்தச் சிறிய உருவமே நாட்டின் பலம். அது எளிதில் கண்ணுக்குத் தென்படாது, சட்டென்று திரும்பும், வேகமாக மேலேறும். 1965 ஆம் ஆண்டுப் போரில் பல சேபர் விமானங்களை வீழ்த்தியதால் அதற்குச் சேபர் கொல்லி என்றே பெயர் வந்தது. அதே நேரத்தில் அதன் கட்டுப்பாட்டுக் கருவிகளில் கோளாறு வந்தால் சமாளிப்பது மிகவும் கடினம். விமானிகள் அதை நேசித்தார்கள், சற்று அஞ்சவும் செய்தார்கள்.

ஸ்ரீநகரின் டிசம்பர்

1971 டிசம்பர் 3 அன்று இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே போர் மூண்டது. கிழக்கே வங்கதேசம் பிறப்பதற்கான போராட்டம் நடந்துகொண்டிருக்க, மேற்கே பஞ்சாபிலும் காஷ்மீரிலும் சண்டை தொடங்கியது.

காஷ்மீரில் ஒரு சிக்கல் இருந்தது. 1948 ஆம் ஆண்டுப் போரை அடுத்து ஏற்பட்ட சர்வதேச உடன்பாட்டின்படி ஸ்ரீநகரில் போர் விமானங்களை நிறுத்துவதில்லை என்று இந்தியா கடைப்பிடித்து வந்தது. எனவே 1971 இல் போர் வெடித்த பிறகுதான் அங்கே நாட் விமானங்களின் ஒரு சிறு குழு அனுப்பப்பட்டது. அந்தக் குழுவில் சேகோனும் இருந்தார். அந்த மலைகளும் பள்ளத்தாக்குகளும் அவருக்குப் பழக்கமில்லாதவை. ஸ்ரீநகர் விமானத்தளம் கடல் மட்டத்திலிருந்து 1600 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருக்கிறது. நம் உதகையைவிட அது தாழ்வுதான். ஆனால் டிசம்பரில் அங்கே தண்ணீர் உறைந்து போகும். விரல் விறைக்கும் குளிரில், எந்த நேரமும் இரண்டு நிமிடத்தில் பறக்கத் தயாராக, விமானத்தின் அருகிலேயே காத்திருக்க வேண்டும்.

அவர்களுக்கு முன்னெச்சரிக்கை தருவதற்கும் வழி குறைவு. மலைகள் சூழ்ந்திருப்பதால் எதிரி விமானங்கள் தாழப் பறந்து வந்தால் ரேடார் கருவிக்குத் தெரியாது. மலை உச்சிகளில் நிறுத்தப்பட்ட காவலர்கள் கண்ணால் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொல்லும் நேரத்துக்கும் குண்டு விழும் நேரத்துக்கும் இடையே மிகச் சில நிமிடங்களே இருக்கும்.

போர் தொடங்கிப் பதினோரு நாள்கள் கடந்தன. சேகோனுக்குத் திருமணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. வீட்டில் இளம் மனைவி காத்திருந்தார்.

டிசம்பர் 14

அன்று காலை பெஷாவரிலிருந்து கிளம்பிய ஆறு சேபர் விமானங்கள் ஸ்ரீநகர் தளத்தைத் தாக்க வந்தன. நான்கு விமானங்கள் குண்டு வீச, இரண்டு விமானங்கள் மேலே நின்று காவல் காத்தன. தளத்தில் அப்போது தயார்நிலையில் இருந்தவை இரண்டு நாட் விமானங்கள். முதல் விமானத்தில் ஃப்ளைட் லெஃப்டினன்ட் குமன், இரண்டாவதில் சேகோன்.

குமனின் விமானம் ஓடுபாதையில் விரைந்து மேலெழுந்தது. அது கிளப்பிய புழுதியில் பின்னால் நின்ற சேகோனுக்கு எதிரே எதுவும் தெரியவில்லை. அதற்குள் எதிரி விமானங்கள் தலைக்கு மேல் வந்துவிட்டன. ஓடுபாதையிலேயே குண்டுகள் விழத் தொடங்கின.

இங்கேதான், அன்பர்களே, நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். குண்டு விழும் ஓடுபாதையில் ஒரு விமானம் மேலெழ முயல்வது ஏறத்தாழத் தற்கொலைக்குச் சமம். முன்னே பள்ளம் விழுந்திருக்கலாம். அருகில் விழும் ஒரு குண்டு போதும், எரிபொருள் நிறைந்த விமானம் தீப்பந்தாகிவிடும். மெதுவாக மேலேறும் அந்த நேரத்தில் விமானத்தால் திரும்பவும் முடியாது, சுடவும் முடியாது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி, பதுங்குகுழிக்குள் ஓடியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அது கோழைத்தனம் அல்ல, புத்திசாலித்தனம் என்றே எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

சேகோன் விமானத்தை முன்னே செலுத்தினார். புழுதிக்கும் வெடிக்கும் நடுவே மேலெழுந்தார். குண்டு வீசிவிட்டு மீண்டும் அணிசேர்ந்துகொண்டிருந்த இரண்டு சேபர் விமானங்களை உடனே துரத்தத் தொடங்கினார். புழுதியாலும் மூடுபனியாலும் குமனால் அவரைக் காண முடியவில்லை. தரையில் இருந்தவர்களுக்கு வானொலியில் அவருடைய குரல் மட்டும் கேட்டது. இரண்டு சேபர்களுக்குப் பின்னால் தாம் இருப்பதாகவும் அவற்றை விடப்போவதில்லை என்றும் அவர் தெரிவித்தார். பின்னர் பீரங்கிச் சத்தம் கேட்டது.

அவருடைய விருதுக்கான அரசு அறிக்கையின்படி, அவர் ஒரு சேபரைச் சுட்டுத் தாக்கினார். மற்றொன்றைத் தீப்பிடிக்கச் செய்தார். பாகிஸ்தான் தரப்பு அன்று தங்கள் விமானம் எதுவும் வீழவில்லை என்று கூறுகிறது. போரில் இரு தரப்புக் கணக்கும் ஒத்துப்போவது அரிது. ஆனால் ஒரு செய்தியில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அன்று அந்த வானத்தில் சேகோன் தனியாக இருந்தார். அவரைச் சுற்றிப் பல விமானங்கள் இருந்தன. அவர் திரும்பிப் போகவில்லை.

மேலே காவலுக்கு நின்ற சேபர்களும் கீழே இறங்கின. ஒருவருக்கு எதிராக நால்வர். மரங்களின் உச்சியைத் தொடும் அளவுக்குத் தாழ்வான உயரத்தில், வட்டமிட்டு வட்டமிட்டுச் சண்டை நடந்தது. அவ்வளவு தாழ்வில் சிறு பிழை நேர்ந்தாலும் தரையில் மோத வேண்டியதுதான். இறுதியில் எண்ணிக்கையே வென்றது. தம் விமானம் அடிபட்டுவிட்டதாகச் சேகோன் வானொலியில் தெரிவித்தார். உதவிக்கு வரும்படி குமனை அழைத்தார். தளத்துக்குத் திரும்பிவிடுமாறு தரையிலிருந்து அறிவுரை சொன்னார்கள்.

அவருடைய விமானம் சற்று நேரம் நேராகப் பறந்தது. பின்னர் தலைகீழாகக் கவிழ்ந்து கீழே பாய்ந்தது. கட்டுப்பாட்டுக் கருவிகள் செயலிழந்திருக்க வேண்டும். கடைசி நொடியில் அவர் இருக்கையோடு வெளியேற முயன்றார். விமானத்தின் கண்ணாடி மூடி பறந்து விழுந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உயரம் போதவில்லை. தளத்திலிருந்து சில மைல் தொலைவில், ஸ்ரீநகர் நகருக்குச் செல்லும் சாலைக்கு அருகே ஒரு பள்ளத்தாக்கில் விமானம் நொறுங்கிக் கிடந்தது.

இரண்டே நாள்கள் கழித்து, டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படைகள் சரணடைந்தன. போர் முடிவுக்கு வந்தது.

கிடைக்காத உடல்

தரைப்படையினரும் விமானப்படையினரும் பலமுறை தேடினார்கள். விமானத்தின் பாகங்கள் கிடைத்தன. ஆனால் சேகோனின் உடல் கிடைக்கவேயில்லை. பனியும் பாறையும் நிறைந்த அந்த மலைப்பகுதி அவரைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

குடும்பத்தாருக்கு இதைவிடப் பெரிய வேதனை உண்டோ? இறந்தவரின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்ப்பதும், தொட்டு அழுவதும், இறுதிச் சடங்கு செய்வதும் மனித மனத்துக்கு எவ்வளவு தேவை என்பதை நம் பங்குகளில் ஒவ்வொரு மரணத்தின்போதும் நாம் காண்கிறோம். நவம்பர் 2 அன்று கல்லறைத் திருநாளில் நாம் மெழுகுதிரியும் பூவும் கொண்டு செல்வதற்கு ஓர் இடமாவது இருக்கிறது. இசேவாலின் அந்தப் பெற்றோருக்கும் அந்த இளம் மனைவிக்கும் அந்த இடமும் இல்லை.

அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பதக்கம். போருக்குப் பின் 1972 இல் சேகோனுக்கு இறப்புக்குப் பிந்திய பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. மாலையும் கழுத்துமாக மணமேடையில் நின்ற அந்தப் பெண் கணவரின் பதக்கத்தைக் கையில் வாங்கிக்கொண்டார்.

அந்தப் பதக்கம் எத்தகையது?

பலரும் நினைப்பதுபோல அது தங்கமோ வெள்ளியோ அல்ல. வெண்கலம். நம் உள்ளங்கையில் பாதிகூட நிறையாத வட்டம். குறுக்களவு ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர். ஊதா நிற நாடாவில் தொங்கும். நடுவில் நாட்டின் இலச்சினையும் அதைச் சுற்றி நான்கு வஜ்ராயுதங்களும் பொறிக்கப்பட்டிருக்கும். பரம் வீர் சக்ராவுடன் மகா வீர் சக்ரா, வீர் சக்ரா ஆகியவையும் 1950 ஜனவரி 26 அன்று, நாடு குடியரசான அதே நாளில் ஏற்படுத்தப்பட்டன. 1947 ஆகஸ்ட் 15 முதல் நடந்த வீரச் செயல்களுக்கும் அவை பொருந்தும் என்று அறிவிக்கப்பட்டது. இவை மூன்றும் எதிரியின் முன்னிலையில் காட்டும் வீரத்துக்கானவை. அமைதிக்கால வீரத்துக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா என்று தனி வரிசை உண்டு.

பரம் வீர் சக்ராவை வடிவமைத்தவர் சாவித்ரி கானோல்கர் என்ற பெண்மணி. சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்தியத் தரைப்படை அதிகாரி ஒருவரை மணந்து, இந்த நாட்டையே தம் நாடாக ஏற்றுக்கொண்டவர். பதக்கத்தில் வஜ்ராயுதத்தைப் பொறிக்க அவர் எண்ணியதற்கு ஒரு காரணம் உண்டு. புராணக் கதையின்படி ததீசி முனிவர் பிறரைக் காப்பதற்காகத் தம் உயிரைத் துறந்து, தம் எலும்பையே ஆயுதம் செய்யக் கொடுத்தார். அந்த எலும்பிலிருந்து உருவானதே வஜ்ராயுதம். ஆக, இந்தியாவின் உயர்ந்த போர் விருதில் பொறிக்கப்பட்டிருப்பது கொன்றவரின் அடையாளமல்ல. தன்னைக் கொடுத்தவரின் அடையாளம். தன்னையே கொடுத்தவரின் அடையாளத்தைக் கழுத்தில் அணிந்திருக்கும் நமக்கு இது எளிதில் புரியும்.

இந்த விருதை முதலில் பெற்றவர் 1947 இல் காஷ்மீரில் உயிர்நீத்த மேஜர் சோம்நாத் சர்மா. இதுவரை பெற்றவர்கள் மொத்தம் 21 பேர். அவர்களில் 14 பேருக்கு இறந்தபின் வழங்கப்பட்டது. 20 பேர் தரைப்படையினர். எஞ்சிய ஒருவர் சேகோன். 1971 ஆம் ஆண்டுப் போரில் மட்டும் நால்வர் இதைப் பெற்றனர். அவர்களுள் ஒருவர் ஆல்பர்ட் எக்கா. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் கும்லா மாவட்டத்து ஆதிவாசிக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த எளிய சிப்பாய். தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 இல் இலங்கையில் உயிர்நீத்து இந்த விருதைப் பெற்றார். சீக்கியர், கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என எல்லாப் பெயர்களும் இந்தச் சிறிய பட்டியலில் இருக்கின்றன.

பார்த்தவர்கள் இருந்தார்கள்

ஒரு வீரச் செயலுக்கு விருது கிடைக்க வேண்டுமானால் அதைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். சேகோன் மேலெழுந்ததைத் தளத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள்; அவருடைய குரலைக் கேட்டார்கள். அதனால் அவருக்கு உடனே விருது அறிவிக்கப்பட்டது.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. நம் அண்டைப் பகுதியான குடகைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா 1965 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கச் சென்றார். அவர் திரும்பி வரவில்லை. அவருக்கு என்ன ஆயிற்று என்பதைப் பார்த்த இந்தியர் எவரும் இல்லை. தம்மைவிட இருமடங்கு வேகமான ஸ்டார்ஃபைட்டர் விமானத்தோடு, அடிபட்ட தம் மிஸ்டேர் விமானத்தைக் கொண்டே போரிட்டு அதை வீழ்த்தினார் என்ற செய்தி, பல ஆண்டுகள் கழித்து ஓர் ஆங்கிலேய எழுத்தாளர் பாகிஸ்தான் தரப்பின் தகவல்களைக் கொண்டு எழுதிய நூல் வழியாகத்தான் தெரிய வந்தது. அதன் பிறகு ஆய்வு செய்து, 1988 இல் அவருக்கு மகா வீர் சக்ரா வழங்கப்பட்டது. 23 ஆண்டுகள்! அவர் வீழ்த்திய விமானத்தின் விமானி உயிர் தப்பியிருந்தார். எதிரியின் வாய்மொழியே தேவய்யாவுக்குச் சாட்சியாயிற்று.

சேகோனுக்கும் அத்தகைய சாட்சி ஒன்று உண்டு. அவரை வீழ்த்தியவராகச் சொல்லப்படும் பாகிஸ்தான் விமானி சலீம் பேக் மிர்சா, பின்னாளில் அந்தச் சண்டையைப் பற்றி எழுதியபோது சேகோனின் திறமையையும் துணிவையும் மனம் திறந்து பாராட்டினார். பகைமையின் உச்சத்திலும் மனிதன் மனிதனை மதிக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

நடுகல் நாட்டிய மண்

நம் கொங்கு மண்ணுக்கு இந்த உணர்வு புதிதல்ல. ஆநிரை காக்கவும் ஊரைக் காக்கவும் உயிர்விட்டவர்களுக்கு நடுகல் நாட்டிய மரபு நம்முடையது. இன்றும் நம் ஊர்களின் வயல் ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் அத்தகைய வீரக்கற்கள் நிற்கின்றன. பெரும்பாலான கற்களில் இருப்பவர் யார் என்றே நமக்குத் தெரியாது. ஆனால் அவர் நமக்காக நின்றார் என்பது மட்டும் தெரியும். அந்தக் கல் அவருடைய உடலுக்கு மேல் நிற்க வேண்டும் என்பதில்லை. நினைவுக்கு மேல் நின்றால் போதும்.

சேகோனுக்கும் அப்படிப் பல நினைவுச் சின்னங்கள் எழுந்தன. லூதியானா நீதிமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. இந்தியக் கப்பல் கழகம் தன் எண்ணெய்க் கப்பல் ஒன்றுக்கு அவருடைய பெயரைச் சூட்டியது. 2023 ஜனவரி 23 அன்று அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பெயரில்லாத 21 தீவுகளுக்குப் பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரின் பெயர்கள் சூட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று சேகோனுடையது. பனிமலையில் கல்லறை கிடைக்காதவருக்குக் கடலின் நடுவே ஒரு தீவு கிடைத்திருக்கிறது.

அவருடைய படைப்பிரிவு நம் சூலூரில் மீண்டும் தொடங்கியதும் அத்தகைய நினைவுச் செயல்தான். அன்று பெங்களூருவில் செய்த சிறிய நாட் விமானம்; 2020 இல் அதே பெங்களூருவில் செய்த சிறிய தேஜஸ் விமானம். படைப்பிரிவின் எண் மாறவில்லை.

நம் கண்முன் நடந்தவை

இவையெல்லாம் எங்கோ வடக்கே என்றோ நடந்தவை என்று நாம் எண்ண வேண்டாம். 2020 அக்டோபர் 12 அன்று விங் கமாண்டர் வருண் சிங் ஓட்டிய தேஜஸ் விமானத்தில் உயரே கட்டுப்பாட்டுக் கோளாறு ஏற்பட்டது. விமானத்தைக் கைவிட்டு வெளியேற அவருக்கு உரிமை இருந்தது. அவர் வெளியேறாமல் அதைப் பத்திரமாகத் தரையிறக்கினார். அதற்காக 2021 ஆகஸ்டில் அவருக்குச் சௌர்ய சக்ரா அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து நொறுங்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் அவர்களும் அவருடைய துணைவியாரும் உள்ளிட்டோர் உயிரிழந்த அந்த விபத்தில், உயிரோடு மீட்கப்பட்டு ஒரு வாரம் போராடியவர் குரூப் கேப்டனாக உயர்ந்திருந்த அதே வருண் சிங். டிசம்பர் 15 அன்று அவரும் காலமானார். விபத்து நாளிலேயே உயிரிழந்த 13 பேருக்காக நம் பகுதி மக்கள் சாலையின் இருபுறமும் நின்று பூத்தூவி அழுதார்கள். உறவில்லாத ஒருவருக்காக நாம் அழுத கண்ணீர் அது.

அன்பார்ந்தவர்களே, போரை நாம் விரும்புவதில்லை. விரும்பவும் கூடாது. அன்று ஸ்ரீநகரில் குண்டு வீச வந்த விமானிகளுக்கும் வீட்டில் தாய்மார்கள் இருந்தார்கள். பாகிஸ்தானிலும் மகனைத் தேடி அழுத குடும்பங்கள் உண்டு. வீரரின் பதக்கத்தைப் போற்றுவது போரைப் போற்றுவது ஆகாது. சொல்லப்போனால், போர் என்ன விலை கேட்கிறது என்பதை அந்தப் பதக்கத்தைக் கையில் வாங்கிய இளம் மனைவியைவிட நன்றாக அறிந்தவர் யார்? பதக்கம் அவருக்கு நாட்டின் நன்றியைக் கொடுத்தது. கணவரைக் கொடுக்கவில்லை.

அப்படியானால் சேகோனின் வாழ்வு நமக்கு என்ன சொல்கிறது? விருது வாங்கும் எண்ணத்தோடு யாரும் குண்டு விழும் ஓடுபாதையில் போவதில்லை. அதற்கு நேரமும் இல்லை. பல ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் தம் பணியை ஒழுங்காகச் செய்து பழகியவர், கடைசி நாளிலும் அதையே செய்தார். தம் முன்னே சென்ற நண்பர் தனியாக இருக்கக்கூடாது, பின்னே இருக்கும் நகரம் எரியக்கூடாது. அவ்வளவே அந்தக் கணத்தில் அவருக்குத் தெரிந்திருக்கும். நம் வீட்டிலும் ஆலையிலும் மருத்துவமனையிலும் வகுப்பறையிலும் யாரும் பதக்கம் தராத இடங்களில் கடமையைச் செய்கிறவர்கள் எத்தனையோ பேர். நோயுற்ற பெற்றோரை ஆண்டுக்கணக்கில் தாங்கிப் பிடிப்பவர்களை நாம் அறிவோம். இரவுப் பணியில் விழித்திருக்கும் செவிலியர்களை நாம் அறிவோம். அவர்களைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்தச் சாட்சியாக நாம் இருக்கலாம்.

டிசம்பர் 14 திருவருகைக் காலத்தில் வருகிறது. குடில் கட்டுவதற்கும் கேரல் பாடல் பயிற்சிக்கும் நாம் ஓடிக்கொண்டிருக்கும் நாள்கள் அவை. இந்த ஆண்டு அந்த நாளில் ஒரு சிறு வேண்டுதலைச் சேர்த்துக்கொள்வோம். பனிமலையில் உறங்கும் சேகோனுக்காகவும், எல்லையின் இரு பக்கமும் மகன்களை இழந்த வீடுகளுக்காகவும், இன்று சூலூரில் பணியில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் மாலையில் பத்திரமாக வீடு திரும்புவதற்காகவும் மன்றாடுவோம். இனி இப்படியொரு பதக்கம் யாருக்கும் தேவைப்படாத அமைதியை இறைவன் நம் நாடுகளுக்குத் தருவாராக.